இதயமும் இரத்தச் சுற்றோட்டமும்

இதயம் அல்லது இருதயம் என்பது மார்புக்கூட்டினுள், இரு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்று இடப்புறம் சாய்ந்து அமைந்துள்ள தசையாலான உறுப்பு ஆகும். அவரவர் மூடிய கைப்பிடி அளவே இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அதன் எடை சுமார் 300 கிராம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை, அதாவது ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது.

அறைகளும் துடிப்பும்

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றைச் சோணையறை, இதயவறை என்கின்றன. இதயத்தை ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள் என்று நினைத்துக்கொண்டால் பாடம் எளிதாகும். உடலெங்கும் சுற்றி ஆக்சிஜன் குறைந்து வரும் இரத்தத்தை வலது பம்பு வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் பெற்ற இரத்தத்தை இடது பம்பு வாங்கி, பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் வலது வெண்ட்ரிக்கிளுக்கு வேலை குறைவு. தலை முதல் கால் வரை தள்ளவேண்டிய இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனானது.

படம் வரையும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். படத்தில் இருப்பவர் நம் எதிரே நிற்பதாகக் கொள்வதால், அவருடைய வலப்புறம் தாளில் நம் இடக்கைப் பக்கம் வரும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்', 'டப்' ஒலிகள் வால்வுகள் மூடுவதால் எழுபவை. ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது முதல் ஒலி; தமனிகளின் வாயிலில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது இரண்டாம் ஒலி. துடிப்பதற்கான தூண்டல் மூளையிலிருந்து வருவதில்லை. வலது ஆரிக்கிளின் சுவரிலுள்ள சைனோ ஆரிக்குலார் கணுவே அதைத் தோற்றுவிக்கிறது. மூளையும் நரம்புகளும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்யும். மாற்று அறுவை சிகிச்சையில் நரம்புகள் அறுபட்ட இதயம் இன்னொருவர் மார்பில் துடிப்பது இதனால்தான்.

இரத்தம் சுற்றி வருகிறது என்று எப்படித் தெரிந்தது?

உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் ஊறுகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்ற காலனின் கருத்தை ஐரோப்பா சுமார் 1,400 ஆண்டுகள் நம்பியிருந்தது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். அவருடைய வலுவான ஆயுதம் ஒரு பெருக்கல் கணக்கு. இன்றைய அளவுகளில் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் சுமார் 70 மில்லிலிட்டர். 72 துடிப்புக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர்! அவ்வளவையும் எந்தச் சாப்பாடு தரும்? உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். ஆகவே அதே இரத்தம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹார்வி எடுத்துக்கொண்ட அளவுகள் இவற்றைவிட மிகக் குறைவு. ஆனாலும் அரை மணி நேரத்திலேயே உடலின் மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிட்டது.

அவர் காட்டிய சோதனையை நாமும் செய்யலாம். மேற்கையில் ஒரு துணியை லேசாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை முழங்கைப் பக்கமாக வழித்துவிட வேண்டும். வழித்த பகுதி மேலிருந்து நிரம்பாது. கீழே அழுத்திய விரலை எடுத்தால் உடனே நிரம்பும். சிரைகளிலுள்ள வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன. (பேச்சு வழக்கில் இந்தச் சிரைகளைத்தான் 'நரம்பு' என்கிறோம். உண்மையான நரம்பில் இரத்தம் ஓடாது.)

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஹார்வி காணவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே தந்துகிகளைக் கண்டார். இரத்தச் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நுழைந்து போகும் அளவுக்கு அவை குறுகலானவை. ஆக்சிஜனும் உணவும் திசுக்களுக்கு மாறுவது இங்கேதான்.

தமனி என்றால் தூய இரத்தம், சிரை என்றால் அசுத்த இரத்தம் என்று மனப்பாடம் செய்வது தவறான முறை. இதயத்திலிருந்து வெளியே செல்வது தமனி. இதயத்துக்கு வருவது சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தமே.

இதயத்துக்கான இரத்தம்

தன் அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், இதயத் தசை அதிலிருந்து தனக்கு வேண்டியதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது; சுவர் அத்தனை தடிமன். பெருந்தமனியின் தொடக்கத்தில் கிளைக்கும் இரு கரோனரி தமனிகளே அதற்கு இரத்தம் தருகின்றன. இவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு ஏற்படுகிறது. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை இதன் அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம். நம் ஊரில் பலர் இதை வாயுத் தொல்லை என்று எண்ணி, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கவேண்டிய நேரம் அது. இரத்தம் கிடைக்காத தசை அரை மணி நேரத்துக்குள்ளேயே இறக்கத் தொடங்கும். அப்படி இறந்த தசை பிறகு வளர்வதில்லை. அந்த இடம் சுருங்கி விரிய முடியாத தழும்பாகிவிடுகிறது.