கணக்குச் செலவு குறைவது எப்படி?

சிறந்த வடிவங்களைக் கலந்தும் திரித்தும் அடுத்த தலைமுறையைப் பிறப்பிக்கும் பரிணாம முறையால் விமானச் சிறகைச் செம்மைப்படுத்த விழைவோர், ஒவ்வொரு வடிவத்தையும் காற்றோட்டக் கணிதத்தால் பரீட்சிக்கப் புகுந்தால், ஒன்றுக்கே பல மணி நேரம் கணினி உழைக்க வேண்டியிருத்தலின், காரியம் முடியுமுன் பொறுமை முடிந்துவிடும். இதற்குரிய பரிகாரங்களுள் ஒன்று, விசித்திரமாக, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே டானி கிரிகே என்னும் பொறியியலர், சில துளைகளின் மாதிரிகளைக் கொண்டு, துளையிடாத இடத்தின் தங்க அளவை அனுமானிக்கும் மார்க்கத்தை 1951-இல் வெளியிட்டார். அதன் வழிவந்த கணிதம், முழுதாகக் கணித்த சில வடிவங்களிலிருந்து ஏனையவற்றின் குணத்தை நொடியில் ஊகிப்பதோடு, அவ்வூகம் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதையும் சொல்லிவிடுகிறது. மெய்யான பெருமை இப்பின்னதில்தான் என்பேன். ஏனெனில் நம்பிக்கை தரும் வடிவங்களையும் ஊகம் தடுமாறும் இடங்களையும் மட்டுமே முழுக் கணிப்புக்கு அனுப்பி, அவ்விடையால் ஊகத்தையே திருத்திக்கொள்ளலாம். வடிவத்தை நிர்ணயிக்கும் மாறிகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டாலோ, ஊகிப்பதே பெருஞ்செலவாகிவிடும்.