விண்டோஸை எடுக்காமலே லினக்ஸ்

கட்டற்ற மென்பொருள் – 12

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்புகள் இந்த ஒரு காரணத்தால் ஓரங்கட்டப்படுகின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட் போடலாம் என்று சென்ற வாரம் சொன்னேன். “டேலி விண்டோஸில்தானே ஓடுகிறது, கடைக் கணக்கை எங்கே பார்ப்பது?” என்பது நியாயமான கேள்வி. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். அதே டிஸ்க்கில் லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாம். கணக்கு விண்டோஸில், இணையம், மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் லினக்ஸில். பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை இணையத்திலிருந்து விலக்கி வைப்பதற்கும் இதுதான் நல்ல வழி.

இந்த ஏற்பாட்டுக்கு டூயல் பூட் என்று பெயர். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் யு.இ.எஃப்.ஐ. அது டிஸ்க்கில் உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனைத் திறந்து பார்க்கும். விண்டோஸைக் கிளப்பும் நிரலுக்கு அங்கே ஒரு ஃபோல்டர், லினக்ஸைக் கிளப்பும் ‘கிரப்’ நிரலுக்கு இன்னொரு ஃபோல்டர். ஒன்றை ஒன்று அழிக்காது. பழைய பயாஸ் காலத்தில் டிஸ்க்கின் தொடக்கத்தில் இதற்குக் கிடைத்த இடம் 446 பைட்தான். கடைசியாக வந்தது எதுவோ அது முந்தையதை அழித்துவிட்டு உட்காரும். ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்ற வழக்கம் அப்படி வந்தது. இன்றும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலை. கவனம் முழுவதும் அதற்கு முந்தைய தயாரிப்பில்தான் இருக்க வேண்டும்.

முதலில் பேக்கப். போட்டோ, கணக்கு, சான்றிதழ் எதுவானாலும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர். பல லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. பூட் அமைப்பு மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை முன்பே எழுதி வையுங்கள்; முடிந்தால் பிட்லாக்கரையே அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை ஒரு ஃபைலில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து சி டிரைவில் எதையாவது எழுதினால் ஃபைல்கள் சிதையும். அதனால்தான் பல நேரம் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான்காவது, இடம். மின்ட்டுக்கு 20 ஜி.பி. போதும் என்பார்கள், புழங்குவதற்கு 100 ஜி.பி. ஒதுக்குவது நிம்மதி. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி டிரைவில் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். அளவை எம்.பி.யில் கேட்கும், 100 ஜி.பி.க்கு 1,02,400 என்று போட வேண்டும். டிஸ்க்கில் நிறைய இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் தர முடியும் என்று அது சொல்லலாம். நகர்த்த முடியாத சில சிஸ்டம் ஃபைல்கள் நடுவில் கிடப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வழிவிடும். பிரித்த இடம் கறுப்புப் பட்டையோடு ‘அன்அலகேட்டட்’ என்று தெரியும். அதை ஃபார்மட் செய்யாதீர்கள். அப்படியே விட்டால்தான் லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

இனி மின்ட் ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் செய்து நிறுவலாம். ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் அருகிலேயே இருக்கும் ‘இரேஸ் டிஸ்க்’ டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். விண்டோஸ் இருப்பதையே நிறுவும் நிரல் கண்டுகொள்ளவில்லை என்றால், மேலே போகாமல் அங்கேயே நிறுத்துங்கள். பிட்லாக்கரோ, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஆர்.எஸ்.டி. அமைப்போ குறுக்கே நிற்கலாம்.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பதற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வைக்கும். இந்தியாவுக்கு அந்த வித்தியாசம்தான் ஐந்தரை மணி.

விண்டோஸை விட்டுவிடுங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு நிறுவனம் ஆதரவை நிறுத்தியது என்பதற்காக, உழைக்கும் நிலையில் இருக்கும் கணினியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். எந்த இயங்குதளம் வேண்டும் என்பதைப் பணம் கொடுத்து வாங்கியவர் தீர்மானிக்கட்டும்.

கடிகாரத்தைச் சரிசெய்வது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் காணாமல் போனால் மீட்பது, இரண்டிலும் ஒரே தமிழ்த் தட்டச்சை அமைப்பது எல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)