கள்ளிக்காட்டினூடே ஒரு கோல்ஃப் களம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு வடக்கே சாண்டா கேட்டலினா மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் வெண்டானா பள்ளத்தாக்கின் வாயிலில் இரு கோல்ஃப் களங்கள் உள்ளன. அவற்றுள் மூத்ததான ‘மவுண்டன்’ களத்தை டாம் ஃபேசியோ வடிவமைத்தார். 1984-இல் அது திறக்கப்பட்டது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு பாலையாகும் என்பது நம் தமிழ் மரபு. இங்கே மலையும் பாலையும் ஒரே நிலமாகவே கிடக்கின்றன.

மார்ச் மாதக் காலையொன்றில் நாங்கள் மூவர் அங்கே ஆடச் சென்றோம். நம் நாட்டுக் களங்களில் ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் வியப்பளிப்பது புல்லின் சிக்கனம். தொடக்கம் முதல் குழி வரை நீளும் பசுங்கம்பளம் இங்கு இல்லை. புல்திட்டு, பிறகு கல்லும் முள்ளும், மீண்டும் ஒரு புல்திட்டு. பந்து ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தாவ வேண்டும். வலிமையைக் காட்டிலும் கணக்கே இங்கு துணை. புல்லைத் தவறவிட்ட பந்தைத் தேடிப் புதருக்குள் கைவிடுவது ஆகாது. கிலுகிலுப்பைப் பாம்புகள் அங்கே இளைப்பாறக்கூடும். ‘சோயா’ என்னும் கள்ளியோ, லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று ஆடையில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க உள்ளூர்வாசிகள் ஒரு சீப்பைக் கையோடு வைத்திருப்பர். விரலால் பிடுங்க முயல்பவர் விரலையும் இழுத்துக்கொள்ள நேரும்.

இக்களத்தின் பெயர் நிலைத்தது மூன்றாம் குழியால். பின் டீயிலிருந்தும் அதன் தொலைவு 107 கெஜமே. காகிதத்தில் பார்த்தால் சிறுவர் ஆட்டம் என்று தோன்றும். டீயில் ஏறி நின்றால் எண்ணம் மாறுகிறது. முன்னே பாறைப் பிளவும் கள்ளிகளும். அதற்கப்பால் பாறைகளுக்கு நடுவே ஒட்டவைத்தாற்போல் ஒரு சிறு கிரீன். தெற்கே மெக்சிகோவின் திசையில் நீலமாய் அடுக்கடுக்கான மலைகள். இந்த ஒரு குழியை அமைக்க மட்டும் பத்து லட்சம் டாலர் வரை செலவானதாகச் சொல்கிறார்கள். குட்டையான அடிக்கும் நெடிய அடிக்கும் தண்டனை ஒன்றே: பாறை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் பந்து வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகப் பறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெட்ஜ் மட்டையை எடுத்து, திருப்பி வைத்து, மறுபடியும் எடுத்தோம். எங்கள் மூவரில் ஒருவருடைய பந்தே கிரீனில் நின்றது.

ஆட்டத்தைவிட எங்களை அதிகம் நிறுத்திவைத்தவை சகுவாரோ கள்ளிகள். 12 மீட்டருக்கு மேலும் உயரும் இவை, முதல் கிளை விடவே ஐம்பது, அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். மழை பெய்தால் மடிப்பு மடிப்பான தண்டு விரிந்து நீரைச் சேமிக்கும். மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் பின்னாளில் சிற்றாந்தைகள் குடியேறும். கோடைத் தொடக்கத்தில் பழுக்கும் கனிகளைத் தொஹோனோ ஓதம் பழங்குடியினர் நீண்ட கழிகளால் இன்றும் பறிக்கின்றனர். மாநிலச் சட்டம் இக்கள்ளிகளைக் காக்கிறது. நினைத்தபடி வெட்டவோ பெயர்க்கவோ இயலாது. எனவே கள்ளிக்கு வழிவிட்டுக் களம்தான் வளைந்து செல்கிறது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே பெறும் ஊரில் புல் வளர்க்கலாமா என்ற கேள்வி எழுவது நியாயமே. அரிசோனா 1980-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. நீர்ப் பற்றாக்குறைப் பகுதிகளில் புதிய கோல்ஃப் களங்களின் புல்பரப்புக்கும் நீருக்கும் அதன்வழி வரம்பு வந்தது. சுத்திகரித்த கழிவுநீரைக் களங்களுக்கும் பூங்காக்களுக்கும் தனிக்குழாய்களில் அனுப்பும் முறையை டூசான் நகரம் 1984 முதல் நடத்திவருகிறது. சிக்கனமான புல்திட்டுகள் அழகுக்காக மட்டும் எழுந்தவை அல்ல என்பது இதனால் விளங்கும். இருந்தும் கொலராடோ ஆற்றின் நீர் குறைந்துவரும் இக்காலத்தில், கேள்வி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைத் தேர்வது நன்று. கட்டணம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஜூனில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும், கட்டணமோ இறங்கும். வைகறையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிப்போருக்கு அதுவும் ஏற்றதே. கோடைப் பெர்முடா புல்லின் மீது குளிர்காலப் புல் விதைக்கும் இலையுதிர்காலத்தில் இப்பகுதிக் களங்கள் சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். விமானச்சீட்டு வாங்குமுன் அந்நாட்களைக் கேட்டறிந்துகொள்க.