குளிரும் மின்கலமும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், இமயமலைத் தொடர்களுக்கிடையே அமைந்துள்ள நகரம் லே. லடாக் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இந்நகரில், சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை −15 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. முந்தைய நாள் மாலைவரை நன்றாக ஓடிய வாகனம், விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் சிறிது முனகிவிட்டு நின்றுவிடுகிறது. வெளியில் எடுத்த கைப்பேசியோ 30 விழுக்காடு மின்னாற்றல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் காரணம் ஒன்றே. குளிரில் மின்கலம் தளர்ந்துவிட்டது.

சமவெளியில் வாழ்வோர்க்கு இது சிறு தொல்லையாகத் தோன்றலாம். பனிமலையில் நிலைமை வேறு. அங்கே காவல் புரியும் வீரரின் கம்பியில்லாத் தொடர்புக் கருவியும், மலையேறுவோரின் தலைவிளக்கும், நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் ஊர்தியும் மின்கலத்தையே நம்பியுள்ளன. அது செயலிழந்தால் உயிருக்கே இடர் நேரக்கூடும். ஆகவே, குளிர் மின்கலத்தை எவ்வாறு பாதிக்கிறது, அதனைக் காக்கும் முறை யாது என்பவற்றை அறிந்திருத்தல் அனைவர்க்கும் பயன் தரும்.

மின்கலத்தின் உள்ளே நிகழ்வது

மின்கலம் என்பது மின்சாரத்தை நிரப்பி வைத்துள்ள குடம் அன்று. அது வேதியாற்றலை மின்னாற்றலாக மாற்றித் தரும் அமைப்பு. இத்தாலிய அறிஞர் வோல்டா 1800ஆம் ஆண்டில் தம் முதல் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். அன்று முதல் இன்றுவரை எல்லா மின்கலங்களிலும் மூன்று உறுப்புகள் உள்ளன. அவை நேர்முனை, எதிர்முனை, இரண்டிற்கும் இடையே அமைந்த மின்பகுளி என்பனவாம். மின்பகுளியின் வழியே அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன. அதே வேளையில் எலக்ட்ரான்கள் வெளிக்கம்பியின் வழியே பாய்ந்து விளக்கை எரியச் செய்கின்றன, பொறியை இயக்குகின்றன.

இன்று பெருவழக்கில் உள்ள மறுமின்னேற்றக் கலங்கள் இருவகை. ஒன்று, வாகனங்களிலும் வீட்டு மின்மாற்றிகளிலும் பயன்படும் ஈய அமிலக் கலம். இதனைப் பிரெஞ்சு அறிஞர் பிளான்டே 1859இல் உருவாக்கினார். மற்றொன்று, கைப்பேசி, மடிக்கணினி, மின்சார ஊர்தி ஆகியவற்றில் உள்ள லித்தியம் அயனிக் கலம். இது 1991இல் விற்பனைக்கு வந்தது. இதன் உருவாக்கத்திற்கு வழிவகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குளிர் செய்யும் மாற்றம்

வெப்பநிலை குறையும்போது வேதிவினைகளின் வேகமும் குறைகிறது. இத்தொடர்பை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியசு 1889இல் ஒரு சமன்பாட்டால் விளக்கினார். பல வினைகளில், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சமைத்த உணவு குளிர்பெட்டியில் விரைவில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். உணவைக் காக்கும் அதே குளிர், மின்கலத்தின் வேலையை மந்தமாக்குகிறது.

மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் முதலில் குழைந்து, பின்னர் கட்டியாவதை வட இந்தியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும். அதுபோலவே லித்தியம் அயனிக் கலத்தின் மின்பகுளியும் குளிரில் தடிப்படைகிறது. தடித்த நீர்மத்தின் ஊடே அயனிகள் விரைந்து செல்ல இயலுவதில்லை. இதனால் கலத்தின் அகமின்தடை உயர்கிறது.

அகமின்தடை உயர்ந்த கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கும்போது அதன் மின்னழுத்தம் சட்டெனத் தாழ்கிறது. கைப்பேசியில் உள்ள காவல் சுற்று, மின்னழுத்தம் ஒரு வரம்பிற்குக் கீழே சென்றவுடன் கருவியை அணைத்துவிடும். கலத்தில் ஆற்றல் எஞ்சியிருந்தும் அதனை வேண்டிய வேகத்தில் வெளியே கொணர முடியாமையே இதற்குக் காரணம். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து சற்றுநேரம் வைத்தால், அணைந்த கைப்பேசி மின்னேற்றம் இன்றியே மீண்டும் இயங்குவதைக் காணலாம். ஆகவே குளிரில் மின்னாற்றலைப் பயன்படுத்துவதால் நேரும் தளர்ச்சி பெரும்பாலும் தற்காலிகமானதே. நிலையான கேடு நேர்வது பெரும்பாலும் மின்னேற்றத்தின்போதுதான்.

உறைகுளிரில் மின்னேற்றம்

லித்தியம் அயனிக் கலத்தின் எதிர்முனை பொதுவாகக் கிராஃபைட்டால் ஆனது. மின்னேற்றம் செய்கையில் லித்தியம் அயனிகள் அக்கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து அமர வேண்டும். 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே அவை உள்ளே புகும் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. மின்னேற்றியோ தொடர்ந்து அயனிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. குறுகிய கோயில் வாயிலில் திருவிழாக் கூட்டம் தேங்குவதைப் போல, அயனிகள் எதிர்முனையின் மேற்பரப்பிலேயே தேங்கி லித்தியம் உலோகமாகப் படிந்துவிடுகின்றன.

இவ்வாறு படிந்த லித்தியத்தின் ஒரு பகுதி மீண்டும் வேலைக்குத் திரும்புவதில்லை. எனவே கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறைகிறது. இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. படிந்த உலோகம் ஊசிபோல் வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலத்தைத் துளைக்கக்கூடும். அப்போது கலத்தின் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டு, வெப்பம் பெருகித் தீப்பற்றவும் வாய்ப்புண்டு. இக்கேடு நேர்ந்த நாளில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. குளிரில் பாழான கலம், பின்னர் வெதுவெதுப்பான அறையில் இருக்கும்போதும் இடர் விளைவிக்கலாம்.

இதனால்தான் பெரும்பாலான லித்தியம் அயனிக் கலங்களுக்கு மின்னேற்ற வரம்பு 0 டிகிரி முதல் 45 டிகிரி செல்சியசு வரை என வகுக்கப்பட்டுள்ளது. மின்சார ஊர்திகளில் உள்ள மேலாண்மைச் சுற்று, கலம் மிகவும் குளிர்ந்திருந்தால் மின்னேற்றத்தைத் தடுக்கும். அல்லது அதன் வேகத்தைக் குறைக்கும். சில ஊர்திகளில் முதலில் கலத்தைச் சூடேற்றும். இத்தகைய காவல் இல்லாத மலிவான விளக்குகளையும் ஆற்றல் சேமிப்புக் கருவிகளையும் பயன்படுத்துவோர் தாமே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஈய அமிலக் கலம் உறைவது எப்போது?

ஈய அமிலக் கலத்தின் மின்பகுளி, நீர் கலந்த கந்தக அமிலம். கலம் மின்னாற்றலை வெளியிடும்போது அமிலம் ஈயத் தகடுகளுடன் வினைபுரிந்து குறைகிறது. நீரின் பங்கு கூடுகிறது. முழுவதும் மின்னேற்றிய கலத்தில் மின்பகுளியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.28 ஆகும். அது −50 டிகிரி செல்சியசிலும் உறைவதில்லை. ஆற்றல் தீர்ந்த கலத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.1 ஆகத் தாழ்ந்துவிடும். அந்நிலையில் மின்பகுளி −10 டிகிரிக்கு முன்னரே உறையத் தொடங்கிவிடும்.

எனவே ஒரே தெருவில் நிற்கும் இரு வாகனங்களில், முழு ஆற்றலுடன் உள்ள கலம் உறைகுளிரைத் தாங்கி நிற்க, விளக்கை அணைக்க மறந்து விடப்பட்ட வாகனத்தின் கலம் ஓரிரவிலேயே உறைந்துபோகலாம். நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அதனால் தகடுகள் வளையும், பெட்டி வெடிக்கும், பனி உருகியதும் அமிலம் வழியும். உறைந்த கலத்தில் மின்னேற்றம் செய்வதோ, வேறொரு வாகனத்தின் கலத்தோடு கம்பியால் இணைத்து இயக்க முயல்வதோ மிகவும் ஆபத்தானது. உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் வாயு ஒரு சிறு பொறியாலும் வெடித்து, அமிலத்தை முகத்தில் தெறிக்கச் செய்யக்கூடும்.

உறையாத கலத்திற்கும் குளிர்காலையில் இரட்டைச் சுமை உண்டு. கலத்தின் வலிமை குறைந்திருக்கும் அதே நேரத்தில் பொறியின் மசகெண்ணெய் தடித்திருப்பதால், அதனைச் சுழற்ற மிகுதியான ஆற்றல் தேவைப்படுகிறது. இதனைக் கருதியே வாகனக் கலங்களின் குளிர்த்திறன் −18 டிகிரி செல்சியசில் 30 நொடிகள் தொடர்ந்து மின்னோட்டம் எடுத்துச் சோதிக்கப்படுகிறது.

நிலவில் ஓர் இரவு

குளிருக்கும் மின்கலத்திற்கும் உள்ள போராட்டத்தை இந்தியர் அனைவரும் உற்றுநோக்கிய நாள்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். விக்ரமும் பிரக்யான் ஊர்தியும் ஒரு நிலவுப் பகல், அதாவது புவியின் 14 நாள்கள், பணியாற்றும் வகையில் அமைக்கப்பட்டவை. அப்பணியை அவை செவ்வனே முடித்தன.

அடுத்து வந்த நிலவு இரவில் வெப்பநிலை −100 டிகிரிக்கும் மிகக் கீழே சென்றது. பிரக்யானின் மின்கலம் முழுவதும் மின்னேற்றப்பட்டு, செப்டம்பர் 2 அன்று அது உறக்க நிலையில் வைக்கப்பட்டது. விக்ரம் 4ஆம் நாள் உறங்கச் சென்றது. கதிரவன் மீண்டும் உதித்தபின், செப்டம்பர் 22 அன்று இஸ்ரோ அவற்றோடு தொடர்புகொள்ள முயன்றது; மறுமொழி வரவில்லை. அத்தகைய குளிரைத் தாங்குமாறு அவை வடிவமைக்கப்படவில்லை. இதற்கு மாறாக, 1970இல் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனாகோத்-1 ஊர்தி பல நிலவு இரவுகளைக் கடந்தது. பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமம் வெளிவிட்ட வெப்பம் அதன் உள்ளுறுப்புகளைக் காத்தது.

குளிரிலிருந்து காக்கும் வழிகள்

லூனாகோத் கையாண்ட நெறியே புவியிலும் பொருந்தும்: கலத்தை வெதுவெதுப்பாக வைத்திரு. மலையேறுவோர் மாற்று மின்கலங்களை உடலை ஒட்டிய உட்பையில் வைத்து உடற்சூட்டால் காக்கின்றனர். பனிப்பகுதிகளில் சில ஓட்டுநர்கள் இரவில் வாகனக் கலத்தைக் கழற்றி வீட்டிற்குள் எடுத்துச் செல்கின்றனர். கடுங்குளிர் நாடான நார்வேயில் 2023ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேற்பட்டவை மின்சாரக் கார்கள். குளிர்காலத்தில் அவை செல்லும் தொலைவு குறைகிறது. எனினும் புறப்படுமுன் கலத்தைச் சூடேற்றும் ஏற்பாட்டால் அங்குள்ள மக்கள் அவற்றை ஆண்டு முழுவதும் பயன்படுத்துகின்றனர்.

பின்வரும் நெறிகளை மாணவர்கள் நினைவிற்கொள்வது நலம்:

1. குளிர்ந்த கருவியை அறைக்குள் கொணர்ந்ததும் மின்னேற்றம் செய்யலாகாது. அது தானாக அறை வெப்பநிலையை அடையும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.
2. மின்கலத்தை அடுப்பு, கணப்பு, கொதிநீர் ஆகியவற்றால் சூடேற்றுதல் கூடாது. மிகு வெப்பம் குளிரினும் கொடிய கேட்டை விளைவிக்கும்.
3. குளிரிலிருந்து வந்த ஒளிப்படக் கருவியைக் காற்றுப் புகாத பையில் இட்டு உள்ளே கொணர்ந்தால், ஈரம் பையின் மீதே படியும், கருவி நனையாது.
4. குளிர்காலத்தில் ஈய அமிலக் கலத்தை எப்போதும் முழு மின்னேற்றத்துடன் வைத்தல் வேண்டும். உறைந்துவிட்டதாக ஐயம் எழுந்தால் அதனை இயக்க முயலாது, பழுது பார்ப்போரிடம் காட்டுதல் வேண்டும்.
5. வீங்கிய, ஒழுகும், மிகவும் சூடாகும் மின்கலத்தைப் பயன்படுத்தலாகாது.

குளிரைக் குறைகூறுவோர் வெப்பத்தையும் மறந்துவிடுதல் கூடாது. கோடைவெயில் மின்கலத்தின் வாழ்நாளை விரைந்து குறைக்கிறது. கோடையில் சிறிது சிறிதாக நலிந்த வாகனக் கலம், குளிர்காலத்தின் முதல் கடுங்குளிரில்தான் தன் நலிவை வெளிப்படுத்துகிறது. மனிதர்க்கு இதமான வெப்பநிலையே மின்கலத்திற்கும் ஏற்றது.

குளிரையும் வெப்பத்தையும் தாங்கும் புதிய மின்கலங்களைத் தேடி அறிவியலார் உழைத்துவருகின்றனர். 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் மின்கல ஆய்வில் ஈடுபட்டுவருகிறது. அத்தகைய கலங்கள் எல்லார் கைக்கும் வரும்வரை, இருக்கும் கலத்தின் இயல்பை அறிந்து பயன்படுத்துவதே தக்க காவலாகும். பனிமலையில் நிற்கும் வீரர் தம் கருவியின் கலத்தை மார்போடு அணைத்து வைப்பது அந்த அறிவினால்தான்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மின்கலத்தின் மூன்று உறுப்புகள் யாவை?
2. அணைந்த கைப்பேசி, அறை வெப்பநிலையில் மின்னேற்றம் இன்றியே மீண்டும் இயங்குவது ஏன்?
3. ஆற்றல் தீர்ந்த ஈய அமிலக் கலம் எளிதில் உறைவதற்குக் காரணம் என்ன?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே லித்தியம் அயனிக் கலத்தில் மின்னேற்றம் செய்வதால் விளையும் கேடுகளை விளக்குக.
2. லூனாகோத்-1 நிலவின் இரவைக் கடந்த முறையையும் மலையேறுவோர் மின்கலத்தைக் காக்கும் முறையையும் ஒப்பிடுக.

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
மின்னேற்றம், உறைநிலை, விழிப்புடன், எஞ்சிய

ஈ. செயல்பாடு
லேயில் பணியாற்றும் உறவினர் ஒருவர்க்கு, குளிர்காலத்தில் கைப்பேசியையும் வாகனத்தின் மின்கலத்தையும் காக்கும் முறைகளை எடுத்துரைத்துக் கடிதம் எழுதுக.