புதுக்குடித்தனம் – 6: அணைத்தும் அணையாத கணினி

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறி, பழைய கோப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிப்போக 10 நாள் கெடு உண்டு என்றும் சொல்லியிருந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

டாஸ்க் பார், ஸ்டார்ட் மெனு இரண்டையும் நம் கைப்பழக்கத்துக்கு வளைப்பதுதான் இந்த வாரத்துக்கான வாக்கு. அதில் அவசரமானவற்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் போய் நின்றுகொண்ட ஸ்டார்ட் பொத்தானைப் பழையபடி இடது மூலைக்குக் கொண்டுவர, டாஸ்க் பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘டாஸ்க் பார் செட்டிங்ஸ்’ போங்கள்; அடியில் ‘டாஸ்க் பார் பிஹேவியர்ஸ்’ என்ற பகுதியில் அலைன்மென்டை ‘லெஃப்ட்’ ஆக்குங்கள். கோப்பின்மேல் வலது கிளிக் செய்தால் வரும் மெனு இப்படிச் சுருங்கிவிட்டதே என்று கேட்டவர்களுக்கு: ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது கிளிக் செய்யுங்கள், பழைய நீள மெனு நேராக வரும். டாஸ்க் பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைத்துப் பழகியவர்கள் பாடுதான் கஷ்டம். விண்டோஸ் 95 காலம் முதல் இருந்த அந்த வசதியை 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று.

முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம் போய் ‘சிபியு’வைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்துக்குக் கீழே ‘அப் டைம்’ என்று ஒரு வரி இருக்கும். நாள், மணி, நிமிடம், விநாடி என்று நான்கு எண்கள். கணினி கடைசியாக முழுசாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதன் கணக்கு அது.

நேற்று ராத்திரி கணினியை அணைத்துவிட்டு இன்று காலையில்தான் போட்டீர்கள் என்றால் அங்கே நாள் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். பலருக்கு இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இத்தொடரின் வாசகர், விண்டோஸ் 11க்கு மாறியதிலிருந்து வைஃபை அடிக்கடி காணாமல் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். “ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?” என்றேன். “தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணி, சுவர் ஸ்விட்சையும் அணைச்சிட்டுத்தான் படுக்கிறேன். அதைவிடவா ரீஸ்டார்ட்?” என்றார். நியாயமான கேள்வி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த எண்ணைப் படிக்கச் சொன்னேன். “இருபத்து மூணுன்னு போட்டிருக்கு” என்றார். சற்று நேரம் இருவருமே பேசவில்லை. ராத்திரிதோறும் ஒழுங்காக அணைக்கப்பட்ட ஒரு கணினி, தான் 23 நாளாக விடாமல் ஓடுவதாகக் கணக்கு வைத்திருக்கிறது!

காரணத்தின் பெயர் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. 10லும் 11லும் தொடர்கிறது. விண்டோஸ் ஓடும்போது உள்ளே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. நாம் திறந்த புரோகிராம்கள், நம் பெயரிலான லாகின் எல்லாம் மேலடுக்கு. கர்னல் என்னும் உட்கருவும், வைஃபை, பிரின்டர், ஆடியோ போன்றவற்றை இயக்கும் டிரைவர்களும் பின்னணிச் சேவைகளும் கீழடுக்கு. விண்டோஸ் 7 வரை ஷட் டவுன் செய்தால் இரண்டு அடுக்குகளும் கலைக்கப்பட்டன. 8இலிருந்து மேலடுக்கு மட்டுமே கலைகிறது. கீழடுக்கு அந்த நேரத்தில் நினைவகத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வட்டில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தினால் கணினி கீழடுக்கைப் புதிதாகத் தொடங்குவதில்லை. அந்தக் கோப்பை வாசித்து, விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்கிறது.

ஆசிரியர் சுவர் ஸ்விட்சை அணைத்ததும் இதனால்தான் பயன்படவில்லை. மின்சாரம் போனால் நினைவகம் காலியாகும், வட்டு காலியாகாது. நம் வீடுகளில் எத்தனை பேர் யுபிஎஸ், ஸ்டெபிலைசர் வரை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறோம்! மின்கட்டணத்துக்கும் இடி மின்னலுக்கும் அது நல்ல பழக்கம். கோளாறு தீர்வதற்கு அது உதவாது. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வைஃபை டிரைவர் குழம்பிப்போயிருந்தால், அந்தக் குழப்பமும் சேர்ந்தே வட்டில் எழுதப்பட்டுப் புதன்கிழமை காலை பத்திரமாகத் திரும்பி வந்துவிடும்.

இப்படிச் செய்ததற்கு விண்டோஸ் குழு 2011இல் வெளியிட்ட விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேசைக்கணினிக்காரர்களில் 57 சதவீதத்தினரும், மடிக்கணினிக்காரர்களில் 45 சதவீதத்தினரும் ‘ஸ்லீப்’ முறையை விட்டு ஷட் டவுனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டிருந்தார்கள். அணைத்துவிட்டோம் என்ற நிம்மதி மக்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் காலையில் காத்திருக்கவும் பிடிக்கவில்லை. இரண்டையும் கொடுக்க வேண்டுமானால் பாதி அணைத்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் சோதித்த பெரும்பாலான கணினிகளில் தொடக்க நேரம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது. அப்போது பெரும்பாலான கணினிகளில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். ஒவ்வொரு விநாடியும் உண்மையான லாபம். பொறியியலாக இதில் குறைசொல்ல எதுவுமில்லை. அதே பெயர், அதே பொத்தான், உள்ளே நடப்பது மட்டும் வேறு என்று ஆனபோது அதைக் கணினித் திரையிலேயே ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் பழி முழுக்கப் பயனர்மேல் விழுகிறது. “நீங்க சரியா ஆஃப் பண்ணியிருக்க மாட்டீங்க” என்று வீட்டுப் பிள்ளைகளிடம் பேச்சு வாங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் சரியாகத்தான் அணைத்தார்கள்.

ரீஸ்டார்ட் மட்டும் இந்தக் குறுக்குவழியில் போவதில்லை. இரண்டு அடுக்குகளையும் கலைத்து, ஒவ்வொரு டிரைவரையும் முதலிலிருந்து எழுப்புகிறது. புது டிரைவரோ அப்டேட்டோ போட்டவர் ரீஸ்டார்ட்டைத்தான் அழுத்துவார், அங்கே முழுச் சுத்தம் வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் அதை அப்படியே விட்டார்கள். ஆசிரியர் ரீஸ்டார்ட் கொடுத்தார். வைஃபை வந்தது. புது விண்டோஸுக்கு மாறிய முதல் சில வாரங்களில் டிரைவர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் வைஃபை, புளூடூத், ஸ்பீக்கர், பிரின்டர் எது முரண்டு பிடித்தாலும் எதையும் நீக்கி மறுபடி நிறுவுமுன் முதலில் ஒரு ரீஸ்டார்ட்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. அப்டேட் காத்திருக்கும்போது பவர் மெனுவில் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்திவிட்டுப் படுத்தவர்கள் காலையில் வந்து பார்த்தால் கணினி அணையாமல் லாகின் திரையோடு காத்திருக்கும். ஆண்டுக்கணக்காக இருந்த இந்தக் குறை, 2025 அக்டோபர் இறுதியில் வந்த முன்னோட்ட அப்டேட்டில்தான் சரிசெய்யப்பட்டது. அணைப்பதாகச் சொல்லி அணையாத வழிகள் ஒன்றல்ல, இரண்டு இருந்திருக்கின்றன.

அப் டைம் எண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு 49 நாள் கதையைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. ஆசிரியர் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

விண்டோஸ் 95, தான் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்பதை 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டிருந்தது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. மில்லிவிநாடிக் கணக்கில் அது 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 விநாடி. அதைத் தாண்டியதும் அந்த எண்ணி (கவுன்ட்டர்) மீண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த நொடியில் விண்டோஸ் 95 உறைந்துபோகும். 98க்கும் இதே கோளாறு. 1995இல் வெளியான மென்பொருளில் இருந்த இந்தக் கோளாறு 1999இல்தான் வெளியே தெரிய வந்தது. நான்கு ஆண்டு காலம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. ஏனென்றால், விண்டோஸ் 95ஐ அணைக்காமல் 49 நாள் ஓட்டுவது அவ்வளவு அரிது. வேறு காரணத்துக்காக அதற்குள் நின்றுவிடும்.

அதே எண் 2004 செப்டம்பர் 14 அன்று வானத்தில் வந்து நின்றது. அமெரிக்காவில், தென் கலிஃபோர்னியாவின் பாம்டேல் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் விமானிகளுடன் பேசும் குரல்தொடர்பு திடீரென்று அறுந்தது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான விமானங்கள் அந்த வான்பரப்பில். அந்த அமைப்பின் ஒரு பகுதி விண்டோஸில் ஓடியது. அதன் எண்ணி 49.7 நாளில் நிரம்பிவிடும் என்பது தெரிந்ததால் 30 நாளுக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த முறை அது செய்யப்படாமல் போயிற்று. விமானங்கள் மோதாமல் தப்பின.

2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரம் முழுவதையும் துண்டித்து மறுபடி தொடங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் விடாமல் மின்சாரத்தில் இருந்தால் அவற்றின் மென்பொருள் எண்ணி நிரம்பி, எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோகக்கூடும் என்பது காரணம். நூற்றில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டே போனால் 31 பிட் நிரம்புவது சரியாக அந்த 248ஆம் நாளில்தான். ஆக, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு” என்பதை விமானத்துக்கே எழுத்தில் உத்தரவாகக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு அதைச் செய்பவரைப் பார்த்து மூடநம்பிக்கை என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம்.

இன்றைய விண்டோஸின் எண்ணி 64 பிட்; அது நம் ஆயுளில் நிரம்பாது. நமக்கு 23 நாள் என்பதில் உள்ள சிக்கல் எண்ணியில் இல்லை, அத்தனை நாளும் கலையாமல் சேர்ந்துகொண்டிருக்கும் டிரைவர் குழப்பத்தில்.

சரி, என்ன செய்யலாம்? எப்போதாவது ஒருமுறை முழுசாக அணைக்க வேண்டும் என்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் பழைய கன்ட்ரோல் பேனலைத் திறந்து ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போங்கள். ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்பதை அழுத்தி, மங்கலாகத் தெரியும் தேர்வுகளைத் திறக்க மேலேயுள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ இணைப்பைக் கிளிக் செய்தால், ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற டிக்கை எடுத்துவிடலாம். நினைவகத்தை வட்டில் எழுதிவைக்கும் ‘ஹைபர்னேட்’ வசதி இல்லாத கணினிகளில் இந்தத் தேர்வே இருக்காது. அவர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. எஸ்எஸ்டி உள்ளவர்களுக்கு அந்த டிக்கை எடுப்பதால் காலையில் இழப்பு சில விநாடிகள்தான். புதிதாக மாறியவர்கள் குறைந்தது முதல் மாதமாவது எடுத்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஓட்டுபவர்கள் டிக்கை விட்டுவைத்து, வாரம் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். பெரிய அப்டேட் வந்தபின் அந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. கணினி எழும்போது எஃப்2, எஃப்8 தட்டி பயாஸுக்குள்ளோ சேஃப் மோடுக்குள்ளோ போன காலம் போய்விட்டதே என்று பலர் வருந்துகிறார்கள். விண்டோஸ் 8 குழுவினர் அளந்து சொன்னார்கள்: வேகமான கணினிகளில் அந்த விசைக்காக எந்திரம் காத்திருக்கும் இடைவெளி 200 மில்லிவிநாடிக்கும் குறைவு. எவ்வளவு அவசரமாகத் தட்டினாலும் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே சுமார் 250 மில்லிவிநாடி ஆகிறது என்று அவர்களே தட்டிப் பார்த்து எழுதினார்கள். மனித விரலுக்கு எட்டாத வேகம். அதனால் இப்போதைய வாசல் வேறு: விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை மெனு வரும். ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்று போனால் பயாஸ் அமைப்பும் சேஃப் மோடும் அங்கே இருக்கின்றன. ஒரே ஷிஃப்ட் விசை, பவர் மெனுவில் இரண்டு வேலை.

ஒரே கணினியில் விண்டோஸோடு உபுண்டுவும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். விண்டோஸ் பாதி அணைந்த நிலையில் தன் வட்டுப் பகுதியைத் திறந்த கணக்கோடு விட்டுப்போகிறது. உபுண்டு அதைக் கண்டுகொண்டு, வாசிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். ‘என் டி டிரைவ் பழுதாகிவிட்டது’ என்று ஃபார்மட் செய்யப் போகுமுன் விண்டோஸுக்குள் போய் ஷிஃப்டோடு ஒரு ஷட் டவுன் செய்து பாருங்கள். ஃபார்மட் செய்தால் அதிலுள்ள கல்யாணப் படங்கள் எல்லாம் போய்விடும்.

டாஸ்க் பாரும் ஸ்டார்ட் மெனுவும் அடுத்த வாரத்துக்கு. மாறிய பிறகு தமிழ்99 விசைப்பலகையைக் காணோம் என்று எழுதியவர்களுக்கான பதிலும் அதனுடன் வரும். அதற்குள் உங்கள் டாஸ்க் மேனேஜரில் அப் டைம் எத்தனை நாள் காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)