கரிசலின் நரிப்பயறு

வனஜீவராசிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் விருதுநகர் ஜில்லாவாசிகள் உடனே மேற்கே கைநீட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைக் காட்டிவிடுவார்கள். சாம்பல் நிற மலையணிலுக்காக அங்கே 1988-இல் சரணாலயம் அமைந்ததும், 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானதும் பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும் முயலும் கௌதாரியும் காடையும் நம்மை விட்டு மலையேறிப் போய்விடவில்லை. சூலக்கரையைச் சுற்றியுள்ள தரிசுகளிலும், வீட்டுமனைக் கல் நட்டு ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும் புஞ்சைகளிலும்தான் அவை இன்னமும் ஜீவனம் நடத்துகின்றன. அவற்றின் ஆகாரத்தில் ஒரு பங்கை, யாரும் விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் ஐப்பசி மழையை மட்டும் நம்பி அளித்துவரும் கொடியே நரிப்பயறு.

தழையை முயலும் ஆடும் மேயும். சிதறிய மணிகளைக் கௌதாரியும் புறாவும் மயிலும் பொறுக்கும். பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும் சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் நெற்றுக்குள்ளேயே வளர, அவை சுரக்கும் இனிய நீருக்காக எறும்புகள் காவல் நிற்கும். பயறு பயிரிடுவோர் இப்புழுவைப் பூச்சி என்று சபிப்பது நியாயமே. தரிசில் அந்த நியாயம் செல்லாது.

இதை அடையாளம் காண்பதில் சிறிது நிதானம் வேண்டும். பாசிப்பயறு போல ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். ஆனால் ஒவ்வோர் இலையும் மறுபடி மூன்று மடல்களாக ஆழப் பிளந்து, நடுமடல் கரண்டிபோல் நுனியில் அகன்றிருப்பது இதன் பிரதான லட்சணம். தரையோடு படரும் தண்டிலிருந்து நீண்ட காம்பொன்று நிமிர்ந்து, அதன் நுனியில் மஞ்சள் பூக்கள் சில கொத்தாக அமரும். நெற்று மெலிந்து உருண்டிருக்கும். கரிசலில் மஞ்சளாகப் பூக்கும் வேறொரு கொடியும் உண்டெனினும், அதன் இலைகள் பிளவுபடுவதில்லை, குட்டையான நெற்றில் இரண்டு விதைகளே இருக்கும். வடமொழி வைத்திய நூல்கள் முத்கபர்ணி என்று போற்றுவது நரிப்பயற்றையே என்பது பலர் கொள்கை.

அறிஞர்களையும் மயக்கிய உறவு ஒன்று இதற்கு உண்டு. தமிழகத்தில் சில இடங்களில் விதைக்கப்படும் மின்னிப்பயற்றை நெடுங்காலம் நரிப்பயறென்றே எண்ணியிருந்தனர். அது வேறு இனம் என்பதையும், நோய்களையும் பூச்சிகளையும் தாங்கும் அதன் சக்தியையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் விரிவாக எழுதினர். இலைக்காம்பின் அடியிலுள்ள செதில் மின்னியில் பெரிதாக இருக்கும். ஆகையால், கடையில் கிடைத்த விதையைத் தூவிவிட்டு நரிப்பயறு வளர்த்ததாகத் திருப்தியடைவதைவிட, பக்கத்துத் தரிசிலிருந்தே நெற்றுப் பறிப்பது உத்தமம்.

பறிப்பதற்கும் பருவம் உண்டு. முற்றிக் காய்ந்த நெற்று வெயிலில் முறுக்கி வெடித்து மணிகளைத் தூர எறிந்துவிடுமாதலால், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போதே பறித்துத் துணிப்பையில் கட்டி உலர்த்த வேண்டும். விதையின் தோல் கடினமானது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து ஒரே வறட்சியில் எல்லாம் மடிந்துபோகாதபடி இயற்கை செய்த ஏற்பாடு அது. நமக்கு விரைவில் முளைப்பு வேண்டுமானால், ஆற்றுமணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஊதிப் பருத்தவற்றை மழை ஈரத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஊதாதவற்றை மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் யூரியா அனாவசியம். சீமைக் கருவேலத்தின் நிழலில் மட்டும் விதைக்க வேண்டாம். வெயிலின்றி இக்கொடி தேறாது.

பட்டாசுத் தொழில் நடக்கும் நம் பிரதேசத்தில் மற்றொரு ஜாக்கிரதையும் அவசியம். மாசிக்குப் பின் இக்கொடி சருகாகிவிடும், சருகு எரியும். வெடிமருந்துக் கூடங்களின் அருகில் இதை விதைப்பது புண்ணியமல்ல, அபாயம். வரப்பு, கண்மாய்க்கரை, பள்ளிக்கூட வேலியோரம், விற்காத மனை ஆகியவையே இதற்கு உகந்த இடங்கள். விதை சேகரிக்கிறவர்கள் ஒரு கொடியில் கண்ட நெற்றையெல்லாம் பறித்துவிடாமல், பாதிக்கு மேல் கௌதாரிக்கு விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.