புற ஊதா ஒளியும் குடிதண்ணீரும்

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் இன்று பல வீடுகளில் தண்ணீர் வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் நீல நிறமாய் ஒளிரும் குழல் விளக்கு ஒன்றும் உண்டு. அடுப்பும் இன்றி, மருந்தும் இன்றி, அவ்விளக்கு நோய்க் கிருமிகளை எங்ஙனம் ஒழிக்கின்றது? அவ்வொளி பட்ட நீரைக் குழந்தைகள் பருகலாமா?

வானவில்லின் ஓரத்தில் ஊதா நிறத்தைக் காண்கிறோம். அதற்கு அப்பாலும் ஒளி உண்டு. நம் கண்ணுக்குத்தான் அது புலப்படுவதில்லை. அதுவே புற ஊதாக் கதிர். சூரிய ஒளி கிருமிகளை ஒடுக்கும் என்பதை 1877-ஆம் ஆண்டிலேயே டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். நம் பாட்டிமார் பாயையும் தலையணையையும் வெயிலில் உலர்த்தியது வீண் வேலையன்று.

பாதரச ஆவி உள்ள குழலில் மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பிறக்கின்றது. நாம் காணும் நீல நிறம் அதனுடன் வரும் வேறோர் ஒளியே. இக்கதிர் கிருமியைச் சுடுவதில்லை. அதன் மரபுப் பொருளாகிய சங்கிலியில் அடுத்தடுத்துள்ள கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றது. அச்சங்கிலியைப் படியெடுத்தால்தான் கிருமி பெருக முடியும். பெருக இயலாத கிருமி நம்மை நோயில் தள்ளாது. கதிர் நீரில் தங்குவதுமில்லை. விளக்கை அணைத்த அறையில் ஒளி ஏது? ஆதலால் அந்நீரைத் தயங்காமல் பருகலாம்.

1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் புதுவகை வாந்திபேதிக் கிருமி ஒன்று அறியப்பட்டது. 1993-இல் அது வங்காளத்தில் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நீரைக் காய்ச்ச விறகுக்கும் வழியற்ற ஏழைகளை எண்ணி, அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அசோக் காட்கில் என்னும் இந்திய அறிஞர் எளிய கருவி ஒன்றை அமைத்தார். அதில் விளக்கு நீரில் மூழ்குவதில்லை. ஓடும் நீருக்கு மேலே எரிகின்றது. ஆகவே விளக்கில் பாசி படியாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் நீர் தூய்மையாகும்.

ஆயினும் ஒளி பட்ட இடத்தில்தான் அதன் வேலை. கலங்கிய நீரில் மண் துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும். எனவே முதலில் வடிகட்டல் வேண்டும். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்ததால் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய கழிவையும் நாற்றத்தையும் இவ்விளக்கு நீக்காது. தூய்மையான நீரை அழுக்குக் குடத்தில் ஊற்றினாலோ, கிருமி மீண்டும் குடியேறும்.

கிருமிக்குப் பகையான கதிர் நம் கண்ணுக்கும் தோலுக்கும் நட்பாகுமா? வெல்டிங் சுடரை வெறுங்கண்ணால் பார்த்தவர் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் துடிப்பதைக் கண்டிருக்கிறோம். இக்கதிரும் அதையே செய்யும். கொரோனா காலத்தில் சிலர் கைகளைத் தூய்மை செய்ய இவ்விளக்கைக் காட்டத் துணிந்தபோது, அவ்வாறு செய்யலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. கைக்குச் சவர்க்காரமே போதும். வடிகட்டியின் மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும்.

மற்றொன்று. நீல ஒளி மங்காமல் இருந்தாலும், நாளடைவில் கதிரின் வலிமை குன்றிவிடும். இடைவிடாது எரியும் விளக்கைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவர். உடைந்தால் உள்ளிருக்கும் பாதரசம் நஞ்சு. பிள்ளைகள் அதைத் தொடாமல் பெரியவர்களை அழைக்க வேண்டும்.